ராமேஸ்வரத்துக்கு எதில் போவது?



பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்ததில் இருந்து, "டீச்சர், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் போறோம். மதுரையில இருந்து ரயில்ல போகலாமா, கார்ல போகலாமா?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் கண் ஒத்துழைக்கவில்லை. மே மாதம், சித்திரைத் திருவிழா முடிந்து கூட்டம் ஓய்ந்த பிறகு, நாங்களே குடும்பத்தோடு போய்வந்தோம். அதை வைத்து மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். உங்களை நாற்பத்தைந்து நிமிஷம் உட்கார வைத்தே பழகியவள் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விவரம். மதுரையில் இருந்து ரயிலில் சுமார் 160 கிலோமீட்டர். ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூட வரும். பாசஞ்சர் ரயில் ஏறத்தாழ நாலு மணி நேரம் எடுக்கும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கார் என்றால் மூன்றே கால், மூன்றரை. விமானம் என்று கேட்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு: தீவில் விமான நிலையம் கிடையாது, நீங்கள் மதுரையில்தான் இறங்க வேண்டும். இறங்கியதும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இப்போது இப்படி எதில் போவது என்று யோசிக்கிறோம். யோசிக்க இடமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். பாலம் வந்தபின் ரயில். சாலைப் பாலம் வந்தது 1988 அக்டோபர் 2-ஆம் தேதிதான், ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். இடையில் எழுபத்துநாலு வருஷம், ரயிலை விட்டால் படகு, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் அந்தப் பாலத்தைக் கட்டியது நாம் தீர்த்தமாடுவதற்காக அல்ல, இலங்கைக்குப் போக. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூறுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது. பாலத்தின் கர்டர்களும் விழுந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டினாரே, அதே ஸ்ரீதரன்தான்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு வராது என்று நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். துருப் பிடித்துத் தளர்ந்துபோன பாலம். ரெண்டு வருஷத்துக்கும் மேல் ரயில் மண்டபத்தோடு நின்றது, அங்கே இறங்கி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ பாலத்தைத் தாண்ட வேண்டும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி ராமநவமியன்று பிரதமர் புதுப் பாலத்தைத் திறந்து வைத்தார். டிவியில் அதைப் பார்த்த என் பேரன், "ஆச்சி, அந்தப் பாலம் லிஃப்ட் மாதிரி மேல போகுது" என்று குதித்தான். லீவுக்கு வந்த பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டுமே என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ராமேஸ்வரம் என்று முடிவானது. எதில் என்பதில்தான் பஞ்சாயத்து.

மாப்பிள்ளை கார் என்றார். புதுக் கார், அவருக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை. பரமக்குடி வரைக்கும் நாலு வழிச்சாலை, வழுக்கிக்கொண்டு போகலாம் என்றார். பெங்களூரில் இருந்து வந்த மகன், "மொத்தம் ஒன்பது பேர், ஒரே வேன் எடுத்துரலாம்மா, பேசிக்கிட்டே போகலாம்" என்றான். வேன்காரர் கேட்ட வாடகையைச் சொன்னதும் எங்கள் வீட்டுச் சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பாசஞ்சர்ல ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்" என்றார். மருமகள் கூட்டத்தை நினைத்துப் பயந்தாள். பேரன் பேத்திகள் ரயில் கட்சி. எல்லாரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது, என் அக்கா அடுப்படியில் இருந்து ஒரு வார்த்தை சொன்னாள்: "நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கிறேன்."

அக்காவுக்கு 75 வயது. எங்கள் அப்பா காலமான பிறகு அவருக்காக ராமேஸ்வரத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளாவது வீட்டைப் பார்த்துக்கொள்வதாவது. பிள்ளைகள், "ஏன் பெரியம்மா, வாங்க பெரியம்மா" என்று ரெண்டு தடவை கூப்பிட்டார்கள். "முட்டி வலிக்குதுப்பா" என்றாள். அதோடு விட்டுவிட்டார்கள். முட்டி வலி உண்மைதான். ஆனால் அவள் வராததற்குக் காரணம் முட்டி இல்லை.

இனிமேல் எழுதப்போவதை அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ரெண்டு நாள் யோசித்துவிட்டு, "எழுது. என்னை மாதிரி எத்தனை பேர் இருக்காளோ. பேரை மட்டும் போடாத" என்றாள். சொந்தக்காரர்களுக்கு யார் என்று தெரியும். அடுத்த விசேஷத்தில் பார்க்கும்போது தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள், அது போதும்.

அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. கொதிப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று நீர் மாத்திரை. காலையில் அதைப் போட்டால் மத்தியானம்வரை முக்கால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டும். வந்தால் அடக்கவும் முடியாது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் பரமக்குடியில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு அவசரம் வந்துவிட்டது. கண்டக்டரிடம் மெதுவாகச் சொன்னாள். "இன்னும் அரை மணி நேரத்துல மதுரைம்மா, பொறுத்துக்கங்க" என்று அவர் சத்தமாகச் சொல்ல, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பொறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு மாட்டுத்தாவணியில் எல்லாரும் இறங்கியபிறகு கடைசியாக இறங்கினாள். எனக்கு மட்டும்தான் சொன்னாள், அதுவும் ஒரு வருஷம் கழித்து.

அதற்குப் பிறகு அவள் வெளியூர் விசேஷங்களுக்கு வருவது நின்றது. "அக்காவுக்குக் கோவம் போல, நாம சரியா அழைக்கலையோ" என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்! கோபமில்லை. தவிர்க்க முடியாமல் போக வேண்டிவந்தால் முதல் நாள் ராத்திரியில் இருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள், மாத்திரையும் போட மாட்டாள். நம் ஊர் வெயிலில், 75 வயதில், சர்க்கரையோடு! டாக்டரிடம் ஒரு தடவை நானே போட்டுக்கொடுத்தேன். அவர், "மாத்திரையை விடறதும் தப்பு, தண்ணி குடிக்காம இருக்கறது அதைவிடத் தப்பு" என்று திட்டி அனுப்பினார். பயண நாளில் எப்போது போடுவது என்று அவரிடமே கேட்டுக்கொண்டோம். நேரத்தை மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நான் சொன்னேன் என்று நீங்களாக மாற்றாதீர்கள்.

என்னிடம் படித்த பெண் பிள்ளைகளுக்கு இது புதுசாக இருக்காது. காலையில் வீட்டில் இருந்து கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! எதனால் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீச்சர்களும் அப்படித்தான் இருந்தோம். 1986-இல் உங்களில் நாற்பது பேரை மீட்டர்கேஜ் ரயிலில் ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். சாலைப் பாலம் அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள், ரயிலைத் தவிர வழியில்லை. போகும் வழியெல்லாம் நீங்கள் மானாமதுரையில் வடை, பரமக்குடியில் நுங்கு என்று சாப்பிட்டுக்கொண்டே வந்தீர்கள், கொண்டுவந்த தண்ணீர்க் கேன் ராமநாதபுரத்திலேயே தீர்ந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து 1989-இல் அடுத்த பேட்சை பஸ்ஸில் கூட்டிப்போனோம். சாலைப் பாலம் திறந்த புதுசு, பாலத்து நடுவில் நின்று பார்க்க ஆசை. அந்தத் தடவை கேன் தண்ணீர் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. பெண் பிள்ளைகள் யாரும் குடிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு "தாகமில்ல டீச்சர்" என்றீர்கள். ஏப்ரல் மாதம், ராமநாதபுரம் வெயில், தாகமில்லையாம்! அதற்குப் பிறகு எக்ஸ்கர்ஷன் என்றால் ரயில்தான் என்று ஸ்டாஃப் ரூமில் நான் சண்டை போட்டது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஆகவே அன்றைக்கு எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தில் நான் எழுந்து, "ரயில்" என்றேன். காரணம் சொல்லவில்லை. மாப்பிள்ளை முகம் கொஞ்சம் வாடியது. "நீங்க கார்ல சாமான், சாப்பாடு எல்லாம் கொண்டாந்துருங்க மாப்பிள்ளை, அங்க ஊர் சுத்த கார் வேணும்ல" என்று சமாளித்தேன். அது உண்மையும்தான். ராமேஸ்வரத்தில் இருந்து தனுஷ்கோடி இருபது கிலோமீட்டர். அரிச்சல்முனை வரைக்கும் இப்போது நல்ல ரோடு இருக்கிறது, நம்மிடம் வண்டி இருந்தால் நம் வசதிப்படி போகலாம்.

ராத்திரி அக்காவிடம் தனியாகச் சொன்னேன். "ரயில்ல பாத்ரூம் இருக்கு. எப்ப வேணாலும் போகலாம். யார்கிட்டயும் கேட்க வேண்டாம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாட்டுக் கக்கூஸா இருந்தா என்னால உட்கார முடியாதுடி, முட்டி மடங்காது" என்றாள். எனக்குத் தோன்றவே இல்லாத விஷயம்.

இங்கேதான் என் தம்பி மகனைச் சொல்ல வேண்டும். அவனுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரத்தில் நின்ற ராமேஸ்வரம் பாசஞ்சரில் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி, எந்தப் பெட்டியில் எந்தக் கோடியில் வெஸ்டர்ன் டைப் இருக்கிறது, தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். முன்பதிவு இல்லாத ரயில் என்பதால் கிளம்பும் அன்றைக்கும் முன்னாலேயே போய் அந்தப் பெட்டியில், கோடியில் இருந்து ரெண்டு இடம் தள்ளி, துண்டைப் போட்டு இடம் பிடித்தான். கோடியிலேயே உட்கார்ந்தால் வாடை வரும், நடுவில் உட்கார்ந்தால் கூட்டத்தில் நடக்க முடியாது, அதனால் ரெண்டு இடம் தள்ளி. இதெல்லாம் அவனாக யோசித்தது. அவன் பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் வாங்கிய மார்க்கை நான் மறந்துவிட்டேன் என்று இந்தப் பதிவின் மூலம் அறிவிக்கிறேன்.

ஏழு மணிக்கு முன்னால் ரயில் கிளம்பிவிட்டது. நேரம் அவ்வப்போது மாறுகிறது, போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சிலைமான் வந்தால் பிள்ளைகளுக்குக் கீழடியைக் காட்டிச் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். திருப்புவனம் தாண்டினால் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பேர் போன ஊர். மானாமதுரை மண்பானை ஊர், கச்சேரிக்குக் கடம் போவதும் இங்கிருந்துதான். பரமக்குடியில் தறி. அதற்கப்புறம் சீமைக்கருவேலங்காடு, பனை, பொட்டல். வைகை நம்மோடு மதுரையில் இருந்தே வருகிறது. பெரும்பாலும் மணலாகத்தான். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் பயணம் ஏறத்தாழ முடிந்துவிடும். கடலைப் பார்க்கப்போகிற நம்மோடு கூடவே வந்து கடலைப் பார்க்காமல் நின்றுவிடுகிற ஆறு என்று வகுப்பில் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? குண்டு மிளகாய் விளைகிற பூமி இது. புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். ராமநாதபுரத்தில் ஓர் அம்மா பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார், அவர் பையில் இருந்து வந்த மிளகாய் நெடியில் பேத்தி மண்டபம்வரை தும்மினாள்.

அக்கா மதுரையில் இருந்து மண்டபம் வருவதற்குள் நாலு தடவை எழுந்து போய்வந்தாள். முதல் தடவை போகும்போது என்னைப் பார்த்தாள். ரெண்டாவது தடவை பார்க்கவில்லை. சத்திரக்குடி தாண்டியதும் பேரன் கையில் இருந்த மோர் பாக்கெட்டை, "எனக்குக் கொஞ்சம் குடுடா" என்று வாங்கி முழுசும் குடித்தாள். ஆறேழு வருஷத்தில் அவள் வண்டியில் உட்கார்ந்து ஒன்றைக் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மண்டபம் தாண்டியதும் பாலம் வந்துவிடுகிறது. பெட்டியில் இருந்த எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் பாக் நீரிணை, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. இங்கத்து மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். புதுப் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பழையதைவிட மூன்று மீட்டர் உயரம். கப்பல் போக வேண்டுமானால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே எழும்பும். பழைய பாலத்தில் ரெண்டு கைகளும் வணக்கம் சொல்வதுபோல் விரியும், ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். புதியதில் மோட்டார். நாங்கள் போனபோது எந்தக் கப்பலும் வரவில்லை, பேரனுக்கு ஏமாற்றம். மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாக நின்றன. பக்கத்திலேயே பழைய பாலம், துருவேறி, நூற்றுப்பத்து வயதுக் கிழவராக. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ராமநாதசுவாமிக்கா, பழைய பாலத்துக்கா, அப்பாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கிற கருவி உண்டு, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ரயிலை விட மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் போகிறவர்கள் கையில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசையில், அதிலும் ஆடி, தை, மஹாளய அமாவாசைகளில், பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறவே ஏறாதீர்கள். நிற்கவே இடம் இருக்காது, பாத்ரூம் போவது அப்புறம்.

ராமேஸ்வரத்தில் என்ன பார்த்தோம் என்று விரிவாக எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாததா! அக்னி தீர்த்தத்தில் அக்கா அப்பாவுக்காக மூன்று முழுக்குப் போட்டாள். 22 தீர்த்தம் வேண்டாம், ஈரத் தரையில் முட்டி வழுக்கும் என்று நாங்களே முடிவு செய்தோம். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் போனோம். யுத்த காலத்தில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற ரயிலில் இருந்து வீசப்பட்ட பேப்பர் கட்டுகளைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்டு முதல் சம்பளம் சம்பாதித்த பையன் அவர். பேத்திக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்தது, வழியெல்லாம் மாப்பிள்ளையின் கார் ஜன்னலில் இருந்து எதையாவது வீசப் பார்த்தாள்.

இப்போது திரும்பி வந்த கதை. அதுதான் நான் எதிர்பார்க்காதது.

மறுநாள் சாயங்கால ரயிலுக்கு அக்காவும் நானும் சாரும் திரும்புவதாகத் திட்டம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை, எல்லாரும் இருக்கும்போதே, சாதாரணமாக, "பெரியத்தை, நீங்க கார்லயே வாங்க. முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்திருவேன். வழியில எந்தெந்த பங்க்ல பாத்ரூம் நல்லா இருக்குன்னு வரும்போதே பாத்து வச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி மகனைப் பார்த்தேன். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது. அப்போது என் மகள், "எனக்கும் அப்படித்தான் பெரியம்மா, இவன் பிறந்ததுல இருந்து. தும்முனாலே பயம்" என்றாள். அவளுக்கு 38 வயது. பெற்ற தாய் எனக்கே அது தெரியாது. சம்பந்தமே இல்லாமல் சார், "எனக்கு ராத்திரி நாலு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு, அதை யாரு கேக்கறா" என்றார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் சிரித்துவிட்டாள்.

காரில்தான் வந்தாள். சாலைப் பாலத்தில் வரும்போது, கீழே தூரத்தில் ரயில் பாலம் முழுசாகத் தெரிந்தது. ரயிலில் போனால் பாலத்தைப் பார்க்க முடியாது, கடலைத்தான் பார்க்கலாம். பாலத்தைப் பார்க்க சாலைதான் வசதி. அதனால் போக ரயில், வர ரோடு என்பது பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை. பாலத்து நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள், பின்னால் வரும் பஸ்காரர்கள் பாவம்.

ராமநாதபுரத்தில் ஒரு பங்க், பரமக்குடியில் ஒரு ஓட்டல், திருப்புவனத்துக்கு முன்னால் இன்னொரு பங்க் என்று மூன்று இடத்தில் நிறுத்தினோம். எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி பங்க்கில் கழிப்பறை வைத்திருக்க வேண்டும். சாவி கேட்கத் தயங்காதீர்கள். மூன்றில் ரெண்டு சுத்தமாக இருந்தன. மூன்றாவதைப் பற்றி எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். ஒவ்வொரு இடத்திலும் அக்காவோடு என் மகளும் இறங்கினாள், மருமகளும் இறங்கினாள். நாலாவது இடத்தில் நிறுத்தட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டபோது அக்கா, "வேணாம் மாப்பிள்ளை, வீட்டுக்கே போயிரலாம், தாங்கும்" என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

மாப்பிள்ளையிடம் விஷயத்தை யார் சொன்னது என்று தம்பி மகனைப் பிடித்துக் கேட்டேன். "நான் சொல்லல அத்தை, அவருதான் என்கிட்ட கேட்டாரு. அவங்க அம்மாவுக்கும் இதே பிரச்சினையாம். கடைசி வரைக்கும் அவங்க யாருக்கும் சொல்லலையாம். டாக்டர் சொல்லித்தான் இவருக்கே தெரியுமாம்" என்றான். சம்பந்தியம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டு விசேஷங்களில் அவர் ஒரு வாய் காபி குடித்து நான் பார்த்ததில்லை. ஆசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இனி உங்களுக்கு வருகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "எதில் போகலாம்" என்று எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள், கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு, "வழியில பாத்ரூம் எப்படி வேணும்" என்று நேராகக் கேளுங்கள். பெண் பிள்ளைகள் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேளுங்கள். பையன்கள் அப்பாவிடம் கேளுங்கள், ஆண்களுக்கும் வயதானால் இது உண்டு. ரயில் என்றால் முதல் நாளே போய்ப் பெட்டியைப் பார்த்துவிடுங்கள். மதுரையில் இருக்கிற பிள்ளைகள் யாராவது வெளியூரில் இருந்து வரும் நம் ஆட்களுக்கு அதைச் செய்துகொடுத்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம். செய்ய முடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். இந்த ஆவணியில் சிவகங்கையில் ஒரு வளைகாப்பு, போக வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவள், "ஏண்டி, நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுறாங்களாமே, நாலு மணி நேரத்துல போயிருமாமே" என்றாள். ஆமாம் என்றேன். "அதுல எந்த டைப்பு?" என்றாள். பாஸ்போர்ட்டே இல்லை அவளிடம்!

நாகப்பட்டினம் பக்கம் இருக்கிற பிள்ளைகள் யாராவது அந்தக் கப்பலில் போயிருந்தால், விவரம் எழுதுங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா என்பதையும் சேர்த்து.